மூன்று சுற்று

தங்காக்கில் இருக்கும் அந்தத் துணிக்கடைக்கு முதல்முறை போனபோது கார் விஷயமாகப் போகவில்லை. என் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். சேலை எடுக்கப் போயிருந்தோம். மனைவி முன்னால் உள்ளே போக, நான் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் போனேன். கடைக்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்க, சேலைக்கு ஃபால்ஸ் துணி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலை நிறுத்தாமலே கேட்டார்.

"வெளிய நிக்கிற ஆமைக் கார் உங்களோடதா தம்பி?"

"ஆமா பாய்."

"மூணாவது சிலிண்டர் வால்வு டைட்டா இருக்கு. இப்படியே ஓட்டினீங்கன்னா கருகிடும்."

நான் எஞ்சினை அணைக்கும் முன் அது அரை நிமிடம் ஓடியிருக்கும். அந்த அரை நிமிடச் சத்தத்தைக் கடைக்குள்ளிருந்து கேட்டே சொல்கிறார். மனைவி சேலைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் ஒரு ஸ்பானரோடு வெளியே வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வண்டியின் பின்னால் உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் ஆறியதும் வால்வைச் சரிசெய்து கொடுத்தார். காசு கொடுக்கப் போனபோது கையை ஆட்டிவிட்டு உள்ளே போய், என் மனைவியிடம், "அந்த மாம்பழக் கலர்தான் உங்க தங்கச்சிக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அப்பா தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்து திறந்த கடை அது. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் அவருடைய சொந்த ஆமைக் கார், ஆமை ஓடுபோல முதுகு வளைந்த அந்தப் பழைய ஜெர்மன் வண்டி. இந்த வண்டிக்குத் தண்ணீர் கிடையாது. எஞ்சின் பின்பக்கம் இருக்கும். ஒரு காற்றாடி ஊதுகிற காற்றுதான் அதைக் குளிரவைக்கிறது. மலாய்க்காரர்களும் ஆமைக் கார் என்றுதான், கெரெத்தா கூரா-கூரா என்பார்கள். பெயருக்கு ஏற்ற வேகம்தான். நெடுஞ்சாலையில் மணல் லாரிகள்கூட என்னைத் தாண்டிப் போகும்.

அவருடைய வண்டி அப்படியில்லை. அன்றே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து சாகில் பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்தார். ஏற்றத்தில் மிதித்தபோது பின்னாலிருந்து ஒரு மெல்லிய விசில் கிளம்பியது; யாரோ இரண்டு கையாலும் முதுகைப் பிடித்துத் தள்ளுவதுபோல வண்டி ஏறியது. டர்போ வைத்திருந்தார். கடையில் வாங்கிப் பூட்டியதல்ல, அவரே கணக்குப் போட்டு, வெட்டி, ஒட்டிச் செய்தது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுற்றும். அது இன்னொரு சக்கரத்தைச் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் பலம் கூடும், சூடும் கூடும். தண்ணீர் இல்லாத எஞ்சினுக்கு அந்தச் சூடுதான் எமன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்ததாக மனைவி சொல்வாள்.

என் வேலை பாசிர் கூடாங்கில், ஒரு இரசாயனத் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டு அறையில். ஷிப்ட் மேற்பார்வையாளர். எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம், எந்தக் கொள்கலனில் எவ்வளவு சூடு, எந்த எண்ணைத் தாண்டக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை இங்கே சொல்லிவைக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகச் சொல்லிவிடக் கூடாது.

அவரிடம் கேட்டேன். முதலில் தயங்கினார். "எனக்கு நானே செஞ்சிக்கிட்டது வேற. உங்க வண்டியில தங்கச்சி உக்காந்து வருவாங்க" என்றார். என் மனைவியைத்தான் தங்கச்சி என்பார். நான் விடவில்லை. மூன்று நான்கு முறை போய்ப் பேசிய பிறகு ஒத்துக்கொண்டார். சாமான் என் செலவு, வேலை அவர் ஆசைக்கு என்று முடிவானது.

ஆறு மாதம் ஆனது. விடுமுறை நாட்களில் நான் போவேன். போகாத நாட்களிலும் அவர் கடை மூடிய பிறகு செய்துகொண்டிருப்பார். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களை விற்கும் கடையில், ஒரு சின்னக் காரின் டர்போவை இருவரும் தேடி எடுத்தோம். புகைக்குழாய் எப்படி வளைய வேண்டும் என்பதற்கு அவர் முதலில் கோட்டுக் கழுத்துக்கு வைக்கிற கெட்டிக் கான்வாஸ் துணியில் வடிவம் வெட்டி, எஞ்சினோடு வைத்து ஊசி குத்திப் பார்த்தார். துணியில் கோடு போடுகிற சுண்ணக்கட்டியாலேயே இரும்பிலும் கோடு போட்டார். உள்ளே அழுத்தம் கூடப்போகிறது என்பதற்காக சிலிண்டர்களுக்கு அடியில் தகடு கொடுத்து இடத்தைக் கூட்டினார். டர்போ தாழ்வாக இருப்பதால் அதிலிருந்து எண்ணெய் தானாகத் திரும்பி வராது. அதற்கு ஒரு சிறு பம்பு வைத்தார். ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறார் என்று சொல்லிக்கொண்டே செய்தார். அக்கா, அவர் மனைவி, எங்கள் இருவருக்கும் கொட்டகைக்கே தேநீர் கொண்டுவந்து கொடுப்பார்.

முடித்த அன்று இரண்டு சிறிய முள் காட்டிகளை முன்பக்கம் பொருத்தினார். ஒன்று பூஸ்ட், அதாவது டர்போ தரும் அழுத்தம். மற்றொன்று மூன்றாவது சிலிண்டரின் சூடு. கடை ரசீதுத் தாள் ஒன்றின் பின்பக்கம் இரண்டு எண் எழுதி அவற்றுக்குக் கீழே ஒட்டினார்: புள்ளி நாலு. இருநூறு.

"இதுக்கு மேல ரெண்டுமே போகக் கூடாது தம்பி. நாலுக்கு மேல போகாத மாதிரி பூட்டி வெச்சிருக்கேன்" என்று பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். டர்போவின் பக்கத்தில் ஒரு குச்சி. அழுத்தம் அளவை எட்டியதும் அந்தக் குச்சி ஒரு சிறு கதவைத் திறந்து மிச்சப் புகையை வெளியே விட்டுவிடும். குச்சியின் நுனியில் மரை, அதற்கு ஒரு பூட்டு நட்டு. "இதைத் தொட வேணாம். இதைச் சுருக்கினா கதவு லேட்டாத் திறக்கும், பூஸ்ட் ஏறிரும். தாங்காது."

"தொட மாட்டேன் பாய்" என்றேன்.

ஐந்து மாதம் தொடவில்லை. லாரிகளைத் தாண்டினேன். அதுவே போதுமாக இருந்தது.

ஸ்கூடாயில் ஒரு சாப்பாட்டுக் கடை வரிசைக்கு முன்னால் பழைய கார்க்காரர்கள் சில ஞாயிறுகளில் காலையில் கூடுவோம். இருபது முப்பது பேர். அவர்களில் ஒருவன் என் பள்ளித் தோழன். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறவன். ஆமைக் காருக்குள் நவீன எஞ்சின் ஒன்றைத் தூக்கிவைத்திருந்தான். என் வண்டியின் பின் மூடியைத் திறந்து பார்த்தான். "யார் செஞ்சது?" என்றான். சொன்னேன்.

"துணிக்கடை டர்போவா? அலமாக். பார்த்துலா, பாயி உள்ள லைனிங் கொடுத்துத் தெச்சிருக்கப் போறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் மறந்துவிட ஆசைப்படும் சிரிப்பு அது. அவர் கான்வாஸ் துணியில் வடிவம் வெட்டியதை நானே எடுத்துக்கொடுத்தேன், இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று. பிறகு நெடுஞ்சாலையில் கூலாய் வரை எல்லாரும் வரிசையாகப் போனோம். அவன் என்னைச் சுலபமாகத் தாண்டினான். தாண்டும்போது கண்ணாடியை இறக்கி, தையல் மிஷின் சக்கரத்தைச் சுற்றுவதுபோலக் கையால் காட்டினான்.

அந்த வாரம் எனக்கு ஓய்வு நாள் ஒன்று வந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மதியம் இரண்டு மணி, வீட்டு முன்னால் காரை நிறுத்தி, அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டுப் படுத்தேன். பூட்டு நட்டைத் தளர்த்தினேன். குச்சியின் நுனியை ஒரு சுற்று சுற்றினேன். ஓட்டிப் பார்த்தேன், பூஸ்ட் கொஞ்சம்தான் ஏறியது. திரும்பி வந்து இன்னொரு சுற்று. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது சுற்றில் முள் புள்ளி எட்டைத் தொட்டது. அவர் சொன்னதைப்போல இரண்டு மடங்கு. வண்டி பறந்தது. ரசீதுத் தாளைக் கிழித்து எடுத்துவிட்டேன். அது கண்ணில் பட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் வந்தது, போனிலும் அழைத்தார். "நீங்க அந்த வண்டியிலதான் வரணும். நான் செஞ்சதுன்னு சொன்னா எங்க சொந்தக்காரங்க எல்லாம் நம்ப மாட்டேங்கிறாங்க. ஹால் வாசல்லயே நிறுத்த இடம் வெச்சிருக்கேன்" என்றார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். மனைவி அவர் கடையில் எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். யோங் பெங் தாண்டி, சாலை காலியாக இருந்தது. சிங்கப்பூர் எண் போட்ட கார் ஒன்று வேகமாகத் தாண்டிப் போனது. மிதித்தேன். பிடித்துவிட்டேன். அதன் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓட்டினேன். உள்ளே இருந்தவர் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"அந்த முள்ளு ரொம்ப மேல போகுதேங்க" என்றாள் மனைவி.

"வெயில்தான்லா. ஒண்ணுமில்ல."

சூடு இருநூற்று நாற்பது. எனக்குத் தெரியும். இந்தக் காரைத் தாண்டிவிட்டுக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போது பின்னால் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். காலை எடுப்பதற்குள் ஓர் இடி. கண்ணாடியில் பின்னால் வெறும் வெள்ளைப் புகை. மனைவி என் கையைப் பிடித்தாள். எப்படியோ மூன்று சிலிண்டரில் நொண்டிக்கொண்டு பாகோ ஓய்விடம் வரை வந்து சேர்ந்தோம்.

மனைவி கொஞ்சம் தள்ளிப் போய், வரத் தாமதமாகும் என்று சொல்ல பாய் வீட்டு அக்காவுக்குப் போன் செய்தாள். பிறகு தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று கடைப்பக்கம் நடந்தாள்.

அவள் கண்ணுக்கு மறைந்ததும் நான் செய்ததை எந்த விதமாகச் சொன்னாலும் நன்றாக இருக்காது. கருவிப் பெட்டியைத் திறந்தேன். கல்யாணச் சட்டையோடு வண்டிக்குப் பின்னால் மண்டி போட்டேன். டர்போ சிவக்கக் காய்ந்து கிடந்தது. கந்தலைச் சுற்றிக்கொண்டு பூட்டு நட்டைத் தளர்த்தி, மூன்று சுற்றும் திருப்பிச் சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் புறங்கை குழாயில் பட்டுத் தோல் வெந்தது, நிறுத்தவில்லை. நட்டை இறுக்கினேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, மனைவி வரும்போது மரத்தடியில் நின்றிருந்தேன்.

முக்கால் மணி நேரத்தில் இழுவை லாரி வந்தது. முன் சீட்டிலிருந்து இறங்கியவர் அவர்தான். இளம்பச்சை பாஜு மலாயு உடை, இடுப்பில் ஜரிகைத் துணி, தலையில் தொப்பி. மணப்பெண்ணின் அப்பா.

"நீங்க ஏன் பாய் வந்தீங்க?" என்றாள் மனைவி.

"நிக்காஹ் முடிஞ்சிருச்சு தங்கச்சி. சாப்பாட்டை என் தம்பி பார்த்துக்குவான்." பேசிக்கொண்டே வண்டியின் பின்னால் போய்க் குந்தினார். எஞ்சினிலிருந்து சொட்டிய எண்ணெயை விரலால் தொட்டுப் பார்த்தார். பூட்டு நட்டைத் தொட்டுப் பார்த்தார். அது அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது சட்டைக் கையில் கறுப்பாக எண்ணெய் இழுத்திருந்தது. எங்கள் இருவர் முன்னாலும் வந்து நின்றார்.

"ரெண்டு பேரும் என்னை மன்னிக்கணும். உங்க உயிரை வெச்சு வெளையாடிட்டேன். என் கணக்கு எங்கயோ தப்பு."

என் மனைவி, "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க பாய்" என்றாள்.

நான் சொன்னது: "பரவால்ல பாய். எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

என் புறங்கையைப் பார்த்துவிட்டு, "சூட்டுல தொட்டுட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். லாரிக்காரரிடம் களிம்பு வாங்கி அவரே தடவிவிட்டார். அவர் கையில் பிரியாணி மணத்தது.

அந்தக் கல்யாண விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஹால் வாசலில் ஒரு காருக்கு மட்டும் இடம் விட்டு இரண்டு நாற்காலி போட்டு மறித்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பப் படம் எடுத்தபோது, கறை தெரியாதபடி அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இவருக்கு எத்தனை தடவ சொன்னோம், துணியைப் பாருங்கன்னு" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். நான் தலையாட்டினேன்.

எஞ்சினைப் பிரித்தபோது மூன்றாவது பிஸ்டனில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. அவர் தன் சொந்தச் செலவில் புதிது போட்டார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. டர்போவைக் கழற்றி, வண்டியைப் பழையபடி ஆக்கிக் கொடுத்தார். தன் வண்டியின் டர்போவையும் கழற்றிவிட்டார். அவரிடம் செய்துகொள்ளக் காத்திருந்த இரண்டு பேரிடம், ஒருவர் குளுவாங், ஒருவர் மூவார், முடியாது என்று சொல்லி அனுப்பினார். எங்கள் கார்க்காரர்களின் கைப்பேசிக் குழுவில் அவரே எழுதினார்: என் முறையை யாரும் பின்பற்ற வேண்டாம், இந்த அழுத்தத்தில் எஞ்சின் தாங்கவில்லை, ஒரு குடும்பம் ஆபத்தில் இருந்தது, தவறு என்னுடையது. அதற்குக் கீழே என் பள்ளித் தோழன் ஒரு தையல் மிஷின் படம் போட்டான். குழுவில் சிலர் என்னிடம் நலம் விசாரித்தார்கள். "பாவம், அவர் நல்ல மனசோடதான் செஞ்சாரு" என்று எழுதினேன். எழுதி அனுப்பியும்விட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவருக்கு முடியவில்லை. கணக்கில் எங்கே தப்பு என்று தெரியாமல் அவரால் இருக்க முடியவில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு குரல் செய்தி வரும்.

"தம்பி, அன்னிக்கு பெட்ரோல் எங்க போட்டீங்க?"

"தம்பி, கல்லு குலுக்கின மாதிரி சத்தம் வெடிக்கிறதுக்கு எத்தனை நிமிஷம் முன்னால கேட்டுச்சு? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

"தம்பி, காற்றாடிக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி பார்த்தேன். அதுதானோன்னு ஒரு சந்தேகம்."

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சொன்னதெல்லாம் பொய். ஒரு பொய்க்குப் பொருந்தும்படி அடுத்ததைச் சொல்ல வேண்டியிருந்ததால், என்ன சொன்னேன் என்று கைப்பேசியில் குறித்துவைத்துக்கொண்டேன். தொழிற்சாலையில் அறிக்கை எழுதுவதுபோல. நான் சொன்ன பொய் எண்களை வைத்து அவர் கொட்டகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடம்.

பிறகு ஒரு நாள் என் மனைவிக்கு அழைத்தார். சேலை விஷயமாக அவர்கள் இருவரும் அவ்வப்போது பேசுவதுண்டு. நான் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்து தூங்கி எழுந்திருந்தேன். மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பாய் கேக்கிறாரு. அன்னிக்கு அந்தச் சின்ன முள்ளு ரெண்டுல இடது பக்கம் இருந்தது என்ன நம்பர் காட்டிச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கான்னு. உங்களைக் கேட்டுட்டு அப்புறம் கூப்பிடறேன்னு வெச்சிட்டேன். எனக்கு எட்டுன்னு ஞாபகம். சரிதானே?"

"நாலுன்னு சொல்லு" என்றேன்.

"எட்டுங்க. நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தேனே. எட்டைத் தாண்டி ஆடிச்சு."

"நாலுன்னே சொல்லேன்."

அவள் என்னையே பார்த்தாள். "ஏன் நாலுன்னு சொல்லணும்?"

பதில் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. அவளிடமும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒன்று வாய்வரை வந்தது. ஆனால் அவள் முகத்தில் இன்னும் சந்தேகம்கூட வரவில்லை, வெறும் குழப்பம்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கூடாயில் சிரித்தது, அட்டையில் படுத்துத் திருப்பியது, பாகோவில் அவள் தண்ணீர் வாங்கப் போனபோது செய்தது.

அவள் கத்தவில்லை. "நான் அந்த வண்டியிலதான் உக்காந்திருந்தேன்" என்றாள். பிறகு, "போன்ல சொல்லாதீங்க. நேர்ல போங்க. நானும் வர்றேன்" என்றாள்.

அடுத்த ஓய்வு நாளில் போனோம். கடையில் ஒரு மலாய் அம்மா பாஜு கூரோங் தைக்கத் துணி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பாய்க்கு முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க. தம்பி, நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன், இருங்க" என்றார். அந்த அம்மா போகும்வரை காத்திருந்தோம். அவர் நான்கு மீட்டர் அளந்தார், வெட்டினார், மடித்தார். அந்தச் சில நிமிடங்களில் திரும்பிப் போய்விடலாமா என்று மூன்று முறை நினைத்தேன். மனைவி வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"பாய், உங்க கணக்குல தப்பில்ல" என்று ஆரம்பித்தேன். "அந்த நட்டை நான்தான் திருப்பினேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த நட்டை?"

"பூஸ்ட் நட்டு. கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னால. பாகோவுல நீங்க வர்றதுக்குள்ள பழையபடி திருப்பி வெச்சிட்டேன்."

அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"எத்தனை சுத்து?"

"மூணு."

"முள்ளு எதுவரைக்கும் போச்சு?"

"எட்டு. அதுக்கும் கொஞ்சம் மேல."

சற்று நேரம் உதடு மட்டும் அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. "எட்டுக்குன்னா ஓட்டை விழுந்தது சரிதான்" என்றார். குரலில் ஒரு நிம்மதி வந்ததை நான் கேட்டேன். எஞ்சின் அவரை ஏமாற்றவில்லை என்ற நிம்மதி. அது ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

"பெட்ரோல் போட்ட கடை?"

"அது பொய் பாய்."

"சத்தம் கேட்ட நேரம்?"

"எல்லாம் பொய்தான்."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நான் சொன்ன எண்களெல்லாம் அதில் தேதி போட்டு இருந்தன. பக்கங்களைத் திருப்பினார், படிக்கவில்லை. மூடி வைத்தார்.

"என் மக கல்யாணத்தன்னிக்கு ரோட்டுல நின்னு உங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன்."

"ஆமா பாய்."

"நீங்க பரவால்லன்னு சொன்னீங்க."

மன்னிப்புக் கேட்க வந்தவன், அந்தச் சொல்லையே எடுக்க முடியாமல் நின்றேன். அவர் அன்று அதைப் பயன்படுத்திய விதத்துக்குப் பிறகு என் வாயில் அது வேறு ஏதோவாக ஆகிவிடும் என்று தோன்றியது. இருந்தாலும் சொன்னேன். காலில் விழுவதுபோலக்கூட ஒரு முறை குனிந்தேன். "அதெல்லாம் வேணாம்" என்று இரண்டடி பின்னால் போனார்.

அக்கா உள்ளிருந்து தட்டில் தேநீரோடு வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "என்ன தம்பி, ரொம்ப நாளா ஆளையே காணோம்" என்றார். அந்தத் தேநீரைக் குடித்தோம். பாய் குடிக்கவில்லை. ஒரு துணிக்கட்டைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் மனைவியிடம் மட்டும், "பார்த்துப் போங்க தங்கச்சி" என்றார்.

அன்று மாலையே குழுவில் எழுதினேன். நான் என்ன செய்தேன், எப்போது, எத்தனை சுற்று, எப்படி மறைத்தேன். அவர் கணக்கு சரி என்று இரண்டு முறை எழுதினேன். பிறகு இரண்டு மூன்று பேர், தைரியமாக ஒத்துக்கொண்டீர்கள் என்று பாராட்டினார்கள். அதைப் படித்தபோதுதான் மிகவும் கூசியது. பள்ளித் தோழன் எதுவும் போடவில்லை. அவனை நான் குறை சொல்லவில்லை. அவன் கிண்டல்தான் செய்தான்.

பிஸ்டனுக்கு ஆன செலவை அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார், குறிப்பு எதுவும் இல்லாமல். குளுவாங்காரருக்கு இப்போது டர்போ செய்துகொடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மனைவி இன்னும் அந்தக் கடையில்தான் துணி எடுக்கிறாள். கூட நான் போனால் எதிர்ச் சாரியில் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பேன். அவர் அவளிடம் முன்போலவே பேசுகிறார், வண்ணம் சொல்கிறார். என்னைப் பற்றி மட்டும் கேட்பதில்லை என்கிறாள். என் மீது அவளுக்கு இருந்த கோபம் வடிய எத்தனை மாதம் ஆனது என்று எனக்குத் தெரியும். அவருக்கு எத்தனை ஆகும் என்றோ, ஆகுமா என்றோ தெரியாது.

இந்த ஹரி ராயா பெருநாளுக்கு அவருக்கு வாழ்த்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. கடையின் பெயர் போட்டு, வாடிக்கையாளர் எல்லாருக்கும் அனுப்புகிற படம். பச்சைப் பின்னணியில் ஓலையில் பின்னிய கெத்துப்பாட் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கும். என் மனைவிக்கும் அதேதான் வந்திருந்தது. அவளுக்கு அதன் கீழே, வீட்டுக்கு வாங்க தங்கச்சி என்று ஒரு வரி எழுதியிருந்தார். அவள் கிளம்பிப் போனாள். நான் அன்று ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். ஷிப்ட் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.